பிரிக்காத சீட்டு

"உனக்க அக்காளுக்கு எந்தக் கட்டிலு?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

தக்கலையைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பிரசவ இல்லத்தின் பின்பக்க வராந்தாவில் அது நடந்தது. நான் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று கவனிக்கவில்லை. பச்சை நைட்டியும் தோளில் ஒரு துவர்த்துத் துண்டுமாக, பிள்ளை பெற்று ஓரிரு நாள் ஆனவளைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. தெரியாதவர்கள் எது கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். "பேரு ஸ்மைலின். ஆனா வாயத் திறக்க மாட்டா" என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னால் வகுப்பே சிரிக்கும். பத்தாம் வகுப்போடு அந்தச் சிரிப்பும் முடிந்தது.

"எனக்கு ஏழு" என்று அவளாகவே சொன்னாள். "ஜன்னல் பக்கம். சாரல் அடிக்கும் மக்கா. அந்த ஜன்னல் அடையாது."

பிறகு சுவரைப் பிடித்தபடியே பைய நடந்து, வராந்தாவின் கோடியில் திறந்து கிடந்த அறைக்குள் போனாள். அவளுடைய நைட்டி இடது தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே புரட்டாசி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக மழையே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான் எழுந்துபோய் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். சுருட்டிக் கட்டிய மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மனிதர் நிற்க இடமில்லை. வேறு வாசலும் இல்லை.

முன்னறையில் ஷைஜா அக்காளும் அம்மாவும் அந்த இல்லத்தை நடத்தும் பெமிலா அக்காளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பெமிலா அக்கா மஸ்கட்டில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவர். சத்தம் போட்டுப் பேசாதவர். அக்காளுக்கு அவரைப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இஞ்ச கட்டிலே கிடையாது" என்று பெமிலா அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "தரையில மெத்தை. இல்லேன்னா வெந்நீர்த் தொட்டி. பெறப்போறவளுக்கு எது சௌகரியமோ அது."

"தொட்டியா?" என்றாள் அம்மா. "பிள்ளையா மீனா பெறப்போறா?"

பெமிலா அக்கா சிரித்தார். "நேசம்மா அக்கா, உங்களுக்குத் தொட்டி வேண்டாம், விடுங்க. இவளுக்கு மொதப் பேறு எப்படி?"

அக்கா சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், நாகர்கோவில் ஆஸ்பத்திரியில், பிள்ளை அனக்கம் இல்லாமல், உயிரில்லாமல்தான் பிறந்தது.

பெமிலா அக்கா அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நான் ஒளிக்காமச் சொல்லுகேன் மக்கா. டாக்டரிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ. ஒண்ணு ஏதாவது ஆச்சுதுன்னா இஞ்சருந்து நாகர்கோவிலுக்கு முக்கால் மணிக்கூர். ஜங்ஷன்ல பிளாக் கெடந்தா அதுக்கும் மேல."

கிளம்பும்போது நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, பின்பக்கம் ஒரு பெண் இருந்ததைக் காதில் சொன்னேன். அம்மா அதைச் சத்தமாகப் பெமிலா அக்காளிடம் கேட்டுவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க மட்டும்தான் வந்திருக்கிய" என்றார் அவர். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னக் கவலை இருந்தது.

காரில் அக்கா என் பக்கம் திரும்பி, "எப்படி இருந்தா?" என்று கேட்டாள். நான் பச்சை நைட்டி என்று சொன்னேன். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். எங்கள் ஊர் கொட்டாரம் வரும்வரை அதை இறக்கவே இல்லை.

வீட்டில் அதற்குப் பிறகு தினமும் சண்டை.

"திரும்ப அந்த வார்டுல கொண்டு என்னைக் கிடத்தினா நான் மதில் சாடி ஓடிருவேன்" என்பாள் அக்கா.

"எட்டு மாச வயித்தோட நீ சாடுவ, நாங்க பாத்துட்டு இருப்போம்" என்பாள் அம்மா. "அங்க பிள்ளைகளுக்குத் தனி வார்டு இருக்கு. ரத்தம் இருக்கு. உனக்க பெமிலாட்ட என்ன இருக்கு? தொட்டி இருக்கு."

தோஹாவிலிருந்து எட்சன் அத்தான் வீடியோவில் வந்து, "ஷைஜா இஷ்டம் போல செய்யுங்க அத்தை" என்றார். "இவரு ஒருத்தரு, கடலுக்கு அங்க இருந்துட்டு" என்று அம்மா போனை அக்காளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அப்பாதான், "சீட்டுப் போட்டிரலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் பெரிய காரியங்கள் எல்லாம் சீட்டில்தான் முடிவாகும். கிணறு தெற்கே வெட்டியதும் சீட்டில்தான். அக்காளுக்கு மூன்று வரன் வந்தபோது எட்சன் அத்தான் பெயர் வந்ததும் சீட்டில்தான். மூன்று நாள் மத்தியானம் வரை உபவாசம் இருந்து ஜெபிக்க வேண்டும். மூன்றாம் நாள், வேதப்புத்தகத்தின் சங்கீதங்களுக்கு நடுவில் இரண்டு சீட்டுகளை மடித்து வைத்து, காரியம் யாருடையதோ அவர் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்து வாசித்த பிறகு அதற்கு மறுபேச்சில்லை. எடுக்காத சீட்டைப் பிரிக்கவே கூடாது. அதை எட்டிப் பார்ப்பது கர்த்தரைச் சோதிப்பது. வீட்டில் இளையவர் அதை அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் இளையவள் நான். கையெழுத்து நன்றாக இருப்பதால் சீட்டு எழுதுவதும் நான்.

உபவாசத்தின் இரண்டாம் நாள், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து அக்கா என்னைக் கேட்டாள்.

"ஸ்மைலி, அந்தப் பொம்பள உங்கிட்ட என்ன கேட்டா?"

எந்தக் கட்டில் என்று கேட்டாள், அவளுக்கு ஏழு என்று சொன்னாள், ஜன்னல் அடையாது என்றாள், இடது தோள் நனைந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது ரீத்தாக்கா" என்றாள்.

பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரி வார்டில் எட்டுக் கட்டில். அக்காளுக்கு ஆறு. ஏழில் ரீத்தா என்று கடற்கரைப் பக்கத்துக்காரி. அக்காளுக்கு முந்தின நாள் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. அக்காளுக்கு வலி எடுத்த நேரமெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் கையை நீட்டி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அன்று நல்ல மழை. அவள் பக்கத்து ஜன்னல் சரியாக அடையாது. சாரலில் அவளுடைய ஒரு பக்கம் நனைந்துகொண்டே இருந்தது.

"நமக்குப் பிள்ள போன மறுநாள் மத்தியானம். அம்மா வெளிய நிக்கா. ரீத்தாக்காளுக்க அம்மை சோறு வாங்கப் போயிருக்கா. சிஸ்டருமாரு லேபர் ரூமுக்குள்ள. நான் சுவரப் பாத்துத் திரும்பிக் கிடக்கேன். ரீத்தாக்கா விளிக்கா. 'மக்கா, ஒண்ணு சிஸ்டர விளியேன். எனக்கு என்னமோ நனையுது'ன்னு."

"நீ விளிச்சியா?"

"மழதான்னு நெனச்சேன்."

அக்கா கைவிரல்களைப் பார்த்தாள். "மழன்னு நெனச்சேன்னு சொல்லுகேன், பாத்தியா. அவளுக்க பிள்ள அழுதுட்டு இருந்தது ஸ்மைலி. எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கல. அவளுக்கு என்ன வேணும்னாலும் ஆவட்டும்னு காதப் பொத்திட்டுக் கிடந்தேன். பிறவு அந்தப் பக்கம் திரை போட்டாவ. கட்டிலுக்குக் கீழ ஒரு வாளி வச்சாவ, ரத்தம் வடியதுக்கு. அவ பிழைக்கல."

அவளுடைய பிள்ளை பிழைத்துவிட்டது என்பதை மட்டும் அக்கா பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டாளாம்.

"நான் என்ன செஞ்சாலும் அந்த வார்டுக்குப் போவ மாட்டேன். அவ அங்கதான் இருப்பா."

ஆனால் எனக்குத் தெரிந்தது அவளுக்குப் புரியவில்லை. ரீத்தா அங்கே இல்லை. நாங்கள் போன இடத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றாள். கட்டிலே இல்லாத இடத்தில் எந்தக் கட்டில் என்று கேட்டாள். தொட்டியில் பெற்றாலும் தரையில் பெற்றாலும் அக்காளைத் தேடி வருவாள். எதற்கு வருவாள் என்றுதான் தெரியவில்லை. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் அவள் வருவாள் என்றால், அவள் வருகிற இடத்தில் ஒரு டாக்டராவது இருக்கட்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம், உள்ளறையில் உட்கார்ந்து, என் நோட்டைத் திறந்தேன். ஒரு தாளின் மேல்பாதியில் 'ஆஸ்பத்திரி' என்று எழுதினேன். கீழ்ப்பாதியிலும் 'ஆஸ்பத்திரி' என்று எழுதினேன். தாளைக் கிழித்து இரண்டு சீட்டாக்கி, மடித்துக் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே வாங்கினார்.

முழங்காலில் நின்று ஜெபித்தோம். அக்காளுக்கு முழங்காலிட முடியாது. நாற்காலியில் இருந்தபடி கையை நீட்டி எடுத்தாள். பிரித்தாள். நெடுநேரம் வாசித்தாள். அந்த ஒரு வார்த்தையை வாசிக்க அவ்வளவு நேரம் வேண்டாம்.

"கர்த்தர் சொல்லியாச்சுல்லா" என்றாள் அம்மா. குரலில் சந்தோஷத்தை அடக்கிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

நான் மற்றச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். அது எரிந்து கறுத்துச் சுருண்டு, தூளாகும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். அடுக்களை வாசற்படியில் ஈரம் இருந்தது. அம்மா தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலை, அக்காளுக்கு வலி வந்தது. அப்பா காரை எடுத்தார். சுசீந்திரம் வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் வயலில் வெள்ளம் நிறைந்து வரப்பு தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ஆள்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அம்மாவுக்குப் பிரஷர் இருநூறை எட்டியிருந்ததால் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை விட்டார்கள்.

அதே வார்டு. நாலைந்து கட்டில்களில் பெண்கள் இருந்தார்கள். ஆறும் ஏழும் காலியாக இருந்தன. நர்ஸ் ஏழாம் கட்டிலின் விரிப்பைத் தட்டி, "இதுல ஏறிப் படுங்க" என்றார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய விரல்கள் என் கையில் பதிந்தன.

"ஏழு வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஏட்டி, இது என்ன ஹோட்டலா, ரூம் பாத்து எடுக்கதுக்கு?" என்றார் நர்ஸ். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஆறுல படுங்க. எனக்கென்ன" என்றார்.

அக்காளின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினார். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் குழந்தையின் இருதயத் துடிப்பு எண்ணாக ஓடியது. நூற்று நாற்பது, நூற்று முப்பத்தெட்டு. பட்டை கொஞ்சம் நழுவினால்கூட அது சத்தம் போட்டது. நாலைந்து தடவை ஓடிவந்து சரிசெய்த பிறகு, நர்ஸ் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

"லேபர் ரூம்ல ஒருத்தி இப்போ பெறப்போறா. நீ இந்த நம்பரப் பாத்துட்டே இரு. நூத்திப்பத்துக்குக் கீழ போனா என்னை விளிக்கணும். கேட்டியா?"

நான் தலையாட்டினேன்.

"தலையாட்டினா எனக்கு அங்க கேக்காது பிள்ள. சத்தமா விளிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மழை வலுத்தது. ஏழாம் கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். இறுக்கமாக அடைந்திருந்தது. அப்படியும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டிலின் விரிப்பில் ஒரு பக்கம் நிறம் மாறியது. முதலில் ஒரு கையகலம். பிறகு தலையணைவரை பரவியது. விரிப்பு கொஞ்சம் அமிழ்ந்தது, யாரோ வலியோடு பார்த்துப் பார்த்து உட்கார்வது போல.

நான் எண்ணைப் பார்த்தேன். நூற்று முப்பத்தாறு.

திரும்பவும் பார்த்தபோது பச்சை நைட்டிக்காரி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை நீட்டி அக்காளின் கையைப் பிடித்திருந்தாள். அக்கா வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "விட்டிராத ஸ்மைலி, விட்டிராத" என்று முனகினாள். என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் முடியவில்லை. ரீத்தா அக்காளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

நூற்று நான்கு.

தொண்ணூறு.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எழுபத்தெட்டு. ரீத்தா இப்போது முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகத்தில் கோபம் இல்லை. எங்கள் வீட்டுக்காரர்கள் இதற்குமேல் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கிற முகம் அது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்த அன்றைக்கும் அந்த முதுகை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"சிஸ்டர்!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. "சிஸ்டர்! சிஸ்டர்! எனக்க அக்காளுக்குப் பிள்ள போகுது! சிஸ்டர்!"

கதவு திறந்து ஒருவர் ஓடிவந்தார். பிறகு மூன்று பேர். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நான் இன்னும் கத்திக்கொண்டே இருந்தேனாம். எட்டாம் கட்டில் பெண்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள், ஏழாம் கட்டிலில். அப்போது விரிப்பு காய்ந்திருந்தது.

அறுத்துத்தான் எடுத்தார்கள். கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஆண் பிள்ளை. முதல் அழுகை வர ஒரு நிமிஷம் ஆனது என்றார்கள். அந்த ஒரு நிமிஷம் அம்மா வெளியில் தரையில் முகங்குப்புறக் கிடந்தாள். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். அப்பா கும்பிட்டு அவரை மேலே சொல்லவிடவில்லை. எனக்குப் பெமிலா அக்கா சொன்ன அந்த முக்கால் மணிக்கூர்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் அக்காளை மேல்மாடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். அம்மா கீழே சாயா வாங்கப் போயிருந்தாள். பிள்ளை அக்காளின் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்மைலி" என்றாள் அக்கா. "ரெண்டு சீட்டுலயும் நீ ஒண்ணுதான எழுதின?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பிள்ள அசையத எண்ணி எழுததுக்கு ஒரு தாள் தேடினேன். உனக்க நோட்டு கெடச்சுது. நீ அழுத்தி எழுதுவல்லா. கிழிச்ச தாளுக்குக் கீழ அப்படியே தடம் கெடந்தது, மேலயும் கீழயுமா ரெண்டு ஆஸ்பத்திரி."

"எப்போ பாத்த?"

"சீட்டுப் போட்டதுக்கு மறுநாளு."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"ம்."

"ஏன் அக்கா?"

அவள் பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். "நீ ஒண்ணு வேணும்னு இதுவரைக்கும் ஒரு தடவகூடச் சொன்னதில்ல. இத ரெண்டு தடவ சொல்லியிருந்த."

அப்போதுதான் வாசல் பக்கம் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ரீத்தா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "வந்திருக்காளா?"

"கதவுகிட்ட நிக்கா."

அக்காளின் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தைப் பார்த்தபடியே எழுந்து உட்காரப் பார்த்தாள். தையல் இழுத்தது. அப்படியே சாய்ந்துகொண்டு பேசினாள்.

"ரீத்தாக்கா, நீங்க விளிக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. மழன்னு நான் நெனைக்கல. கேட்டுட்டேதான் கிடந்தேன். விளிக்கல."

பிள்ளை உறக்கத்தில் வாயைக் கோணினான். ரீத்தா அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஒரு அடி உள்ளே வைத்தாள். நான் என்னையறியாமல் பிள்ளையின் மேல் கையை வைத்தேன். முதல் நாள் வராந்தாவில் என்னிடம் கேட்பதற்கு முன் திறந்தது போலவே அவளுடைய வாய் கொஞ்சம் திறந்தது. நான் காத்திருந்தேன். எது கேட்டாலும் இந்தத் தடவை பதில் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வைத்த அடியைத் திரும்ப எடுத்தாள். நடைவழியில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், குனிந்த தலையை நிமிர்த்தாமலே வாளியை ஓரமாக இழுத்து வழிவிட்டாள். ரீத்தா சுவரைப் பிடித்தபடி, கீழே வார்டுக்கு இறங்குகிற படிக்கட்டை நோக்கிப் போனாள்.